துருக்கி அப்பார்ட்மென்ட்ல மாசாமாசம் கட்டுற 'ஐதாத்': யாரு கட்டணும், எவ்வளவு, கட்டலேன்னா என்ன ஆகும்?

துருக்கியில வாடகை விளம்பரம் பாத்தீங்கன்னா வாடகைத் தொகைக்குப் பக்கத்துலயே 'ஐதாத்'ன்னு இன்னொரு தொகை தனியா போட்டிருப்பாங்க. நம்ம ஊர் மெயின்டெனன்ஸ்தான் அது, லிஃப்ட், படிக்கட்டு லைட், க்ளீனிங், தோட்டம், வாட்ச்மேன் எல்லாத்துக்கும் சேத்து மாசாமாசம் கட்டுற காசு. இதை கேபிள் பில்லு மாதிரி நினைச்சுக்கிட்டா, யூஸ் பண்ணா கட்டுவோம் இல்லேன்னா நிறுத்திக்குவோம்னு நினைச்சுக்கிட்டா, அங்க பெரிய சிக்கல்ல மாட்டிக்குவீங்க. துருக்கி சட்டத்துல ஐதாத்ங்கறது சர்வீஸுக்கான கட்டணம் இல்ல, அந்த ஃபிளாட்டுக்கு ஓனரா இருக்கறதாலயே வர்ற கடன். இந்த ஒரு விஷயம் மண்டையில ஏறிடுச்சுன்னா மத்த ரூல்ஸ் எல்லாம் தானா புரியும்.

சட்டத்தோட பேரு கத் முல்கியேத்தி கனூனு, 634ம் நம்பர் சட்டம். 1965 ஜூன் 23ல நிறைவேத்தினாங்க, 1966 ஜனவரி 2ல இருந்து அமலுக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி என்ன பிரச்சனைன்னா, துருக்கி 1926ல சுவிட்சர்லாந்தோட சிவில் சட்டத்தை எடுத்துத் தன்னோட சட்டமா வச்சுக்கிச்சு, அதுல நிலம் யாருதோ மேல கட்டின கட்டடமும் அவருதுதான், மூணாவது மாடி மட்டும் எனக்கு நாலாவது மாடி உனக்குன்னு பிரிச்சு பட்டா போட வழியே கிடையாது. கிராமத்துல இருந்து ஜனங்க இஸ்தான்புல், அங்காராவுக்குக் குவிய ஆரம்பிச்சப்போ இது தாங்கல. 1954ல ஒட்டுப்போட்ட மாதிரி ஒரு திருத்தம் கொண்டு வந்தாங்க, அதுவும் பத்தாம கடைசியில 65ல தனிச்சட்டமே போட்டாங்க. அதுக்கப்புறம்தான் நிலத்துக்காரர் மனையைக் குடுப்பாரு, பில்டர் கட்டுவாரு, ஃபிளாட்டுகளை ரெண்டு பேரும் பங்கு போட்டுக்குவாங்கங்கற கதை ஊரு ஊரா பரவுச்சு. தோட்டத்தோட இருந்த பழைய வீடுகளை இடிச்சு அஞ்சு மாடி ஆறு மாடின்னு வரிசையா நிக்கற தெருக்கள் இன்னைக்கு அங்க இருக்குன்னா இந்தச் சட்டத்துக்கும் அதுல பெரிய பங்கு இருக்கு.

சரி, ஒரு ஃபிளாட் வாங்கினா கையில என்ன வருது? ஒண்ணு உங்க கதவுக்கு உள்ள இருக்கற வீடு. ரெண்டாவது, கட்டடத்தோட பொதுவான பாகங்கள்ல பங்கு, அதாவது அஸ்திவாரம், தூண், மெயின் சுவர், கூரை, படி, லிஃப்ட், பொதுக் குழாய் எல்லாத்துலயும். மூணாவது அர்சா பாயி, மனையில உங்களுக்கு இருக்கற பங்கு, சென்னைல ஃபிளாட் வாங்கினவங்களுக்கு யூடிஎஸ்னு சொன்னா பட்டுனு புரியும். தபு, அதாவது அங்கத்தப் பத்திரத்துல இது 60/1000ன்னு பின்னமா எழுதியிருக்கும். இதுல கவனிக்க வேண்டியது, பங்கு சதுர அடியை வச்சு மட்டும் வர்றதில்ல, சட்டப்படி பிளான் போட்ட சமயத்துல ஒவ்வொரு ஃபிளாட்டோட மதிப்பு என்னவோ அந்த விகிதத்துலதான் பிரிக்கணும், அதனால ஒரே சைஸ் ஃபிளாட்டா இருந்தாலும் கடல் தெரியற மேல்மாடிக்குப் பங்கு கூட இருக்கலாம், இருட்டு பின்பக்க ஃபிளாட்டுக்குக் கம்மியா இருக்கலாம். பழைய பில்டிங்ல சும்மா கண்ணை மூடிக்கிட்டு சமமா எழுதிவிட்டதும் உண்டு, அதை எதுத்து கோர்ட்டுக்குப் போறவங்களும் உண்டு.

இந்தப் பின்னம் எதுக்கு முக்கியம்னா ஐதாத்தே அதுல இருந்துதான் வருது. சட்டத்தோட 20வது பிரிவு செலவை ரெண்டா பிரிக்குது. கட்டடப் பணியாளர், ஹீட்டிங் பாய்லர் பாத்துக்கறவர், தோட்டக்காரர், காவலாளி இவங்க செலவு எல்லா ஃபிளாட்டுக்கும் சமமா. மத்தது, இன்சூரன்ஸ், ரிப்பேர், மேனேஜர் சம்பளம், லிஃப்ட் மாதிரி பொது வசதிகளை ஓட்டற செலவு எல்லாம் மனைப் பங்கு விகிதத்துல. ஒரு கணக்கு போட்டுப் பாப்போம், நம்பர் சும்மா வசதிக்காக எடுத்தது. 12 ஃபிளாட், பணியாளர் செலவு மாசம் 24,000 லிரா, லிஃப்ட், ரிப்பேர் வகையறா 12,000 லிரா. முதல் செலவுல ஆளுக்கு 2,000. ரெண்டாவதுல பங்கு 60/1000 வச்சிருக்கற கீழ்த்தள ஃபிளாட்டுக்கு 720, பங்கு 110/1000 இருக்கற மேல்மாடி ஃபிளாட்டுக்கு 1,320. ஆக கீழ்வீட்டுக்காரர் 2,720 கட்டுவாரு, மேல்வீட்டுக்காரர் 3,320.

உடனே கீழ்த்தளத்துக்காரர் கேப்பாரு, நான் லிஃப்ட்ல ஏறினதே இல்லையேய்யா, எதுக்கு எங்கிட்ட காசு? உலகத்துல எந்த அப்பார்ட்மென்ட் மீட்டிங்கா இருந்தாலும் இந்தக் கேள்வி கண்டிப்பா வரும்னு நினைக்கிறேன். துருக்கி சட்டம் இதுக்கு நேரடியாவே பதில் எழுதி வச்சிருக்கு: பொது இடத்தை யூஸ் பண்ற உரிமையை விட்டுக்குடுத்துட்டேன்னோ, என் ஃபிளாட் இருக்கற நிலைமைக்கு அது எனக்குத் தேவையில்லன்னோ சொல்லி எந்த ஓனரும் செலவுல பங்கு குடுக்காம தப்பிக்க முடியாது. வீட்டைப் பூட்டிட்டு ஜெர்மனியில உக்காந்திருந்தாலும் கட்டணும். ஒரே ஒரு வாசல்தான் திறந்திருக்கு, 20வது பிரிவே "ஓனர்களுக்குள்ள வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல"ன்னுதான் ஆரம்பிக்குது. அந்த ஒப்பந்தம் எங்க இருக்கும்னா மேனேஜ்மென்ட் பிளான்ல.

இந்த மேனேஜ்மென்ட் பிளானைத்தான் நிறையப் பேரு படிக்கறதே இல்ல. இது பத்திர ஆபீஸ்ல ஃபைல் ஆகியிருக்கற ஒரு டாக்குமென்ட், கட்டடத்தை எப்படி நடத்தணும், செலவை எப்படிப் பிரிக்கணும், மீட்டிங் எந்த மாசம், மொட்டைமாடி யாரு யூஸ் பண்ணலாம், நாய் வளக்கலாமா கூடாதா வரைக்கும் அதுல இருக்கலாம். எல்லா ஓனரையும் கட்டுப்படுத்தற ஒப்பந்தம்னு சட்டம் சொல்லுது, உங்ககிட்ட இருந்து நாளைக்கு வாங்கறவரையும் சேத்துதான். மாத்தணும்னா மொத்த ஓனர்கள்ல அஞ்சுல நாலு பேரு ஓட்டு வேணும், 12 ஃபிளாட்டுக்குப் பத்து பேரு, இது நடக்கற காரியமான்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. இதுல எனக்கு உறுத்தற விஷயம், இதை எழுதறது பெரும்பாலும் பில்டர்தான், ஒரு ஃபிளாட் கூட விக்கறதுக்கு முன்னாடியே எழுதி ஃபைல் பண்ணிடுவாரு, அப்புறம் காசு குடுத்து வாங்கறவங்க அதுக்குக் கட்டுப்பட்டு கிடக்கணும். கீழ்த்தளக் கடைகளைத் தன் பேர்ல வச்சுக்கிட்டு 'கடைகளுக்கு லிஃப்ட் செலவு கிடையாது'ன்னு ஒரு வரி பில்டர் எழுதிட்டாருன்னா அந்தச் செலவு மத்தவங்க தலையிலதான்.

ஹீட்டிங்குக்கு மட்டும் தனிக் கணக்கு. அங்காரா, எர்சுரும் பக்கம் குளிர் எப்படின்னு தெரிஞ்சவங்களுக்கு இது எவ்வளவு பெரிய செலவுன்னு தெரியும். மொத்த கட்டடத்துக்கும் ஒரே பாய்லர் இருந்தா ஒவ்வொரு ரேடியேட்டர்லயும் அளவு மீட்டர் மாட்டி, பில்லுல 70 சதவீதத்தை அவங்கவங்க இழுத்த சூட்டுக்குத் தகுந்த மாதிரியும் 30 சதவீதத்தை வீட்டோட பரப்பளவுக்குத் தகுந்த மாதிரியும் பிரிக்கணும்னு 2008ல வந்த விதிமுறை சொல்லுது. அதனால ரேடியேட்டரை முழுசா மூடி வச்சாலும் அந்த 30 சதவீதம் வரத்தான் செய்யும். குழாய் வழியா போற சூடு எல்லார் சுவருக்குள்ளயும்தான் போகுது, பக்கத்து வீட்டுச் சூட்டுல ஓசியில குளிர் காயற ஆளும் கொஞ்சமாவது குடுக்கட்டும்னுதான் இந்த ஏற்பாடு, எனக்கு நியாயமாத்தான் படுது.

பணியாளர்னு மேல சொன்னேன்ல, அவரை கபிஜின்னு சொல்லுவாங்க. பழைய பில்டிங்கள்ல பேஸ்மென்ட்ல அவருக்குன்னே ஒரு சின்ன வீடு இருக்கும், குடும்பத்தோட அங்கயே இருப்பாரு, வாடகை வாங்கக் கூடாது. காலையில சுடச்சுட ரொட்டி வாங்கிட்டு வந்து கதவுல தொங்கற பையில போடறது, நியூஸ்பேப்பர் போடறது, சாயங்காலம் குப்பை எடுக்கறது, படி துடைக்கறது, ஒரு காலத்துல விடிகாலையில எந்திரிச்சு பாய்லருக்கு நிலக்கரி அள்ளிப் போடறது எல்லாம் அவர்தான். அவரு தொழிலாளர் சட்டத்துக்குள்ள வர்ற முறையான ஊழியர், இன்சூரன்ஸ் கட்டணும், லீவு குடுக்கணும், வேலையை விட்டு அனுப்பினா சர்வீஸ்ல ஒரு வருஷத்துக்கு 30 நாள் சம்பளம்ங்கற கணக்குல கிராஜுவிட்டி குடுக்கணும். இருபது வருஷம் இருந்தவரை அனுப்பினா இருபது மாசச் சம்பளம் ஒரே அடியா எண்ணி வைக்கணும், இதுக்குன்னு முன்கூட்டியே சேத்து வைக்காத பில்டிங்ல ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த மாசம் திடீர்னு பெரிய தொகை வந்து விழும். அதனாலயே இப்போ நிறைய இடத்துல வெளி கம்பெனிகிட்ட க்ளீனிங்கை விட்டுட்டு அந்தப் பேஸ்மென்ட் வீட்டை வாடகைக்கு விடறாங்க, வர்ற வாடகை கட்டடக் கணக்குக்குப் போகும்.

இப்ப இந்தத் தொகையை யாரு முடிவு பண்றாங்கன்னு பாப்போம். எல்லா ஓனர்களும் சேந்த பொதுக்குழு ஒண்ணு இருக்கு, வருஷத்துக்கு ஒரு தடவையாவது கூடணும், பிளான்ல மாசம் எழுதலேன்னா ஜனவரியில. முதல் மீட்டிங்குக்குப் பாதிக்கு மேல ஓனர்கள் வரணும், அவங்ககிட்ட மனைப் பங்கும் பாதிக்கு மேல இருக்கணும். நடைமுறையில அவ்வளவு பேரு எங்க வர்றாங்க? அதனால நோட்டீஸ்லயே ரெண்டாவது மீட்டிங் தேதியும் போட்டுடுவாங்க, ரெண்டுக்கும் நடுவுல ஏழு நாளாவது இருக்கணும், ரெண்டாவதுக்கு எத்தனை பேரு வந்தாலும் வந்தவங்க மெஜாரிட்டி சொன்னதுதான் முடிவு. மீட்டிங்குக்குப் போகாம வீட்ல உக்காந்துட்டு அப்புறம் ஐதாத் ஏறிடுச்சுன்னு புலம்பறவங்க கதை பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்குது. ஓட்டு மனைப் பங்கை வச்சு இல்ல, ஆளுக்கு ஒண்ணு. ஒருத்தருக்கு நிறைய ஃபிளாட் இருந்தா ஃபிளாட்டுக்கு ஒரு ஓட்டு, ஆனா மொத்த ஓட்டுல மூணுல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாது, 12 ஃபிளாட்ல ஆறு வச்சிருக்கற பெரிய மனுஷனுக்கும் நாலு ஓட்டுதான். இது நல்ல ரூல்னு சொல்லுவேன், பில்டரோ நிலத்துக்காரரோ பாதி ஃபிளாட்டைக் கையில வச்சுக்கிட்டு மத்தவங்களை ஆட்டிப் படைக்கறதை இது ஓரளவு தடுக்குது. ப்ராக்ஸி ஓட்டுக்கும் கட்டுப்பாடு இருக்கு, 40 ஃபிளாட் வரைக்கும் உள்ள கட்டடத்துல ஒருத்தர் அதிகபட்சம் ரெண்டு பேருக்காகத்தான் ஓட்டுப் போடலாம்.

எட்டு ஃபிளாட் அல்லது அதுக்கு மேல இருந்தா மேனேஜர் கட்டாயம், குடியிருக்கற ஓனர்ல ஒருத்தராவும் இருக்கலாம், வெளி ஆளாவும் இருக்கலாம், ஒத்துப் போகலேன்னா கோர்ட்டே ஒருத்தரைப் போடும். அவரு பேரு, அட்ரஸ் எல்லாம் ஃப்ரேம் போட்டு வாசல்ல மாட்டியிருக்கணும், இல்லேன்னா அபராதம். ஓனரே மேனேஜரா இருந்து வேற முடிவு எதுவும் எடுக்கலேன்னா சாதாரண நிர்வாகச் செலவுல அவரோட பங்குல பாதி அவருக்குத் தள்ளுபடி, அவ்வளவு பேச்சு வாங்கறதுக்கு அது கூட இல்லேன்னா எப்படி. இன்னொண்ணு, நம்ம ஊர்ல அசோசியேஷன்னு பதிவு பண்ணுவோம்ல, அங்க அந்த மாதிரி தனிச் சட்ட அந்தஸ்து அப்பார்ட்மென்ட் நிர்வாகத்துக்குக் கிடையாது. மேனேஜர் ஓனர்களோட ஏஜென்ட் மாதிரிதான், கணக்குக் காட்ட வேண்டிய பொறுப்பு நேரடியா அவர் தலையில. முடிவுகளை எழுதற நோட்டுப் புத்தகத்துக்கு பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டு நோட்டரிகிட்ட சீல் வாங்கியிருக்கணும், நடுவுல ஒரு தாளைக் கிழிச்சுட்டு வேற சொருக முடியாது.

அந்த மேனேஜர் போடற வருஷ பட்ஜெட்டுக்கு இஷ்லெத்மே ப்ரொஜெசின்னு பேரு. இதுதான் ஐதாத் விஷயத்துல கண்ணைத் திறந்து பாக்க வேண்டிய காகிதம். வருஷத்துக்கு என்ன வரும், என்ன போகும், ஒவ்வொரு ஃபிளாட்டும் எவ்வளவு கட்டணும்னு எழுதி, கையெழுத்து வாங்கியோ ரெஜிஸ்டர் தபால்லயோ குடுப்பாங்க. ஏழு நாளுக்குள்ள ஆட்சேபம் சொல்லலாம், சொன்னா பொதுக்குழு பாக்கும். அந்த ஏழு நாளும் அந்தக் கவர் ஃப்ரிட்ஜ் மேல பிரிக்காம கிடந்துச்சுன்னா பட்ஜெட் உறுதியாயிடும், அப்படி உறுதியான காகிதத்தை வச்சு கடன் வசூல் நடவடிக்கையில உங்க மறுப்பையே நீக்க முடியும், அந்த அளவுக்கு அதுக்குச் சட்ட பலம் இருக்கு.

மீட்டிங் முடிவே தப்புன்னு நினைச்சா சுல்ஹ் ஹுகுக்ங்கற சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். மீட்டிங்ல இருந்து எதுத்து ஓட்டுப் போட்டவருக்கு ஒரு மாசம் டைம், வராதவருக்கு விஷயம் தெரிஞ்சதுல இருந்து ஒரு மாசம், எப்படியும் முடிவு எடுத்து ஆறு மாசத்துக்குள்ள. 2023 செப்டம்பர் 1ல இருந்து இந்த மாதிரி கேஸுக்கெல்லாம் முதல்ல மீடியேஷனுக்குப் போய்ட்டுதான் கோர்ட் படி ஏறணும்.

இப்ப கட்டாதவங்க கதைக்கு வருவோம். லேட்டா கட்டற ஐதாத்துக்கு மாசம் 5 சதவீதம் தாமத இழப்பீடு, தாமதமான நாள் கணக்குக்கு. 2,720 லிராவை மூணு மாசம் இழுத்தடிச்சா 408 லிரா கூட. 2007க்கு முன்னாடி இது மாசம் 10 சதவீதமா இருந்துச்சு. 5 சதவீதம்னா வருஷத்துக்கு 60, கேக்கறதுக்குக் கந்துவட்டி மாதிரி இருக்கும், ஆனா 2022 அக்டோபர்ல துருக்கியோட அரசாங்கப் பணவீக்கக் கணக்கே 85 சதவீதத்தைத் தாண்டிடுச்சு. அதாவது அந்தச் சமயத்துல ஐதாத் கட்டாம வச்சிருந்து வருஷம் கழிச்சு அபராதத்தோட கட்டினவருக்குக் கூட உண்மையான மதிப்புல லாபம்தான், ஒழுங்கா கட்டினவங்கதான் ஏமாளி. கடுமையா இருக்கட்டும்னு போட்ட ரூலைப் பணவீக்கம் இப்படிப் பல்லில்லாம பண்ணிடுச்சு.

ஆனா அபராதத்தோட நிக்கறதில்ல. மேனேஜர் இஜ்ரா ஆபீஸ்ல, அதாவது கடன் வசூல் ஆபீஸ்ல போய் நேரா நடவடிக்கை ஆரம்பிக்கலாம், முதல்ல கோர்ட் தீர்ப்பு வாங்கணும்னு அவசியமில்ல. வீட்டுக்கு நோட்டீஸ் வரும், ஏழு நாளுக்குள்ள மறுப்பு சொல்லலேன்னா பேங்க் அக்கவுன்ட், சம்பளம் மேல கை வைக்கலாம். அடுத்தது, கட்டாத தொகைக்கு ஃபிளாட் மேலயே அடமானம் பதியலாம். எல்லாத்துக்கும் மேல 25வது பிரிவு, ரெண்டு வருஷத்துக்குள்ள மூணு தடவை ஒருத்தர் மேல ஐதாத்துக்காகக் கேஸோ வசூல் நடவடிக்கையோ போட வேண்டி வந்தா, மத்த ஓனர்கள் மெஜாரிட்டி முடிவெடுத்து, இவரு ஃபிளாட்டை விலை குடுத்து எங்க பேருக்கு மாத்திக் குடுங்கன்னு கோர்ட்ல கேக்கலாம். சொந்த வீட்டையே இழக்க வேண்டிய நிலைமை! அந்த எல்லை வரைக்கும் போறது அபூர்வம்தான், ஆனா அப்படி ஒரு பிரிவு இருக்குங்கற பயமே பல பேரைக் கட்ட வச்சிடும்.

வாடகைக்கு இருக்கறவங்களுக்கு வேற குழப்பம். ஓனரோட சேத்து வாடகைதாரரும் ஐதாத்துக்குப் பொறுப்பு, ஆனா அவரு குடுக்க வேண்டிய வாடகை அளவுக்கு மட்டும்தான், அப்படிக் கட்டினதை வாடகையில கழிச்சுக்கலாம். அவங்களுக்குள்ள பாத்தா பொதுவா தினசரி செலவு, ஹீட்டிங், க்ளீனிங், லிஃப்ட் கரண்ட் இதெல்லாம் குடியிருக்கறவர், லிஃப்டையே புதுசா மாத்தறது, கூரை, வெளிச்சுவர் இன்சுலேஷன் மாதிரி கட்டடத்தோட மதிப்புல சேர்ற பெரிய செலவு ஓனர், இதை தெமிர்பாஷ்னு தனியா எழுதுவாங்க. ரசீதுல ரெண்டையும் ஒண்ணா சேத்து 'ஐதாத்'ன்னு போட்டா பிரிச்சுத் தரச் சொல்லிக் கேளுங்க. 2022 ஜூன்ல இருந்து 2024 ஜூலை வரைக்கும் வீட்டு வாடகையை வருஷம் 25 சதவீதத்துக்கு மேல ஏத்தக்கூடாதுன்னு அரசாங்கம் கட்டுப்பாடு வச்சிருந்துச்சு, அது வாடகைக்கு மட்டும்தான், ஐதாத்துக்கு இல்ல. மொத்தமா கையை விட்டுப் போற காசைக் கணக்குப் பண்ணாதவங்க அப்போ நல்லா அடி வாங்கினாங்க.

பல டவர், நீச்சல் குளம், செக்யூரிட்டி கேட்னு இருக்கற பெரிய காம்ப்ளெக்ஸ்களுக்கு 2007 திருத்தத்துல தனி அத்தியாயமே சேத்தாங்க. பிளாக்குக்கு ஒரு குழு, மொத்த காம்ப்ளெக்ஸுக்கு ஒரு குழுன்னு அடுக்கா போகும், ஒரு பிளாக்குக்கு மட்டும் சம்பந்தப்பட்ட செலவை அந்த பிளாக்காரங்கதான் ஏத்துக்கணும், குளம், கேட் மாதிரி பொதுவானது எல்லாருக்கும். ரசீதுல ரெண்டு லைன் வந்தா பயப்படாதீங்க.

கடைசியா நிலநடுக்கம், துருக்கியைப் பத்திப் பேசிட்டு இதை விட முடியாது. 1999 ஆகஸ்ட் 17 மர்மரா நிலநடுக்கத்துக்கு அப்புறம் வீடுகளுக்கு டாஸ்க்ங்கற கட்டாய நிலநடுக்க இன்சூரன்ஸ் வந்துச்சு, அது ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் ஓனர் தனியா எடுக்கறது, ஐதாத் கட்டறதால அது ஆயிடுச்சுன்னு நினைக்காதீங்க. 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கத்துக்கு அப்புறம் கீழ்த்தளக் கடைகள்ல இடம் பத்தலேன்னு தூணையே வெட்டி எடுத்திருந்ததா நிறைய புகார் வந்துச்சு. உங்க கடைக்கு நட்டநடுவுல நின்னாலும் தூண் உங்களுது இல்ல, எல்லாருக்கும் பொது, அதுல ஆணியடிக்கறதுக்கு மேல எதுவும் பண்றதா இருந்தா நிறுத்திக்கணும். பொது பாகத்துல சின்னக் கட்டுமான மாத்தத்துக்கே அஞ்சுல நாலு ஓனர்களோட எழுத்து சம்மதம் வேணும். அதே சமயம் கட்டடத்தைப் பலப்படுத்தியே ஆகணும்னு கோர்ட் கண்டுபிடிச்சு சொல்லிட்டா யாரு சம்மதமும் தேவையில்ல, செலவு மட்டும் மனைப் பங்கு விகிதத்துல எல்லார் மேலயும் வரும்.

அங்க ஃபிளாட் வாங்கற எண்ணம் இருக்கறவங்க பத்திர ஆபீஸ்ல இருந்து மேனேஜ்மென்ட் பிளான் காப்பி, மேனேஜர்கிட்ட இருந்து இந்த வருஷ பட்ஜெட், முடிவு நோட்டுல கடைசி ரெண்டு வருஷப் பக்கங்கள் இதைக் கேட்டு வாங்கிப் படிங்க. லிஃப்ட் மாத்தறோம், இன்சுலேஷன் போடறோம்னு ஏற்கனவே முடிவெடுத்திருந்தா அந்த நோட்டுலதான் தெரியும், விக்கறவர் வாயைத் திறக்க மாட்டாரு. தபுல அடமானக் குறிப்பு ஏதாவது இருக்கான்னும் பாத்துடுங்க, பழைய ஓனர் ஐதாத் பாக்கி வச்சு அது ஃபிளாட் மேல பதிவாகியிருந்தா, அதைத் தீர்த்து நீக்காம வாங்கினீங்கன்னா அது அப்படியே உங்க ஃபிளாட்டோட வந்துடும்.